நான்கெல்லை

ஒரு குவார்ட்டரை இருவர் பகிர்வதற்கு
சைதாப்பேட்டையில் கட்டிங் என்று பெயர்.
ஊர் பேர் தெரியாத ஒருவன்
கடை வாசலில் இரண்டு விரலை நீட்டி
"போடலாமா?" என்பான்.
தலையாட்டினால் போதும்.
சாட்சிக் கையெழுத்து வேண்டாம்.

பிளாஸ்டிக் டம்ளர் இரண்டை ஒட்டி வைத்து,
குனிந்து, கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து,
இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு.
இருபத்தாறு வருடமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறேன்.
கூடப் பிறந்தவர்கள் இவ்வளவு நேர்மையாய்ப்
பிரித்துக்கொண்டு பார்த்ததில்லை.

அவன் பெயர் எத்திராஜ். ஏ.சி. மெக்கானிக்.
முதல் மடக்கு எப்போதும் கசப்புதான்.
ருசிக்காகக் குடிக்கிறேன் என்பவன் பொய் சொல்கிறான்.
மாங்காய்ப் பத்தையை மிளகாய்த்தூளில் தொட்டுக் கடித்து
அந்தக் கசப்புக்கு அந்தப் பக்கம் போய்
கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.
காதுமடல் சூடாகும்.
பிறகு, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை
யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

பத்திரத்தில் நான்கெல்லை என்று ஒன்று எழுதுவோம்.
இன்னாருடைய மனைக்கு மேற்கு,
பொதுப் பாதைக்கு வடக்கு,
இதற்கு உட்பட்ட இவ்வளவு சதுரடி.
எனக்கும் உண்டு.
சார்பதிவாளரின் முகச்சுளிப்புக்குக் கிழக்கு,
மச்சினனிடம் வாங்கிய கடனுக்குத் தெற்கு,
எதிர்வீட்டு ஜன்னலுக்கு மேற்கு.
நாலாவது எல்லையில் என்ன இருக்கிறதென்று
நான் போய்ப் பார்த்ததே இல்லை.
இரண்டாவது மடக்கில் கற்கள் ஒவ்வொன்றாகச் சாயும்.
மனை என்னவோ அதே மனைதான்.
காற்று மட்டும் எல்லாப் பக்கமும் வரும்.

எத்திராஜ் சொன்னான்:
"பதினோரு வருசமா பால்கனிக்கு வெளிய தொங்கி
அவுட்டோர் மாட்டுறேன் சார்.
பதினாலாவது மாடி, இருபதாவது மாடி.
எனக்கு உயரம்னா பயம்.
வூட்ல தெரியாது. கம்பெனிலயும் தெரியாது."
சொல்லிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றான்.
"இதுக்கே நடுங்குது, பாருங்க."
முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்கியது.
பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.
சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது.
இன்னொரு மனிதனின் முழங்காலை நான் தொட்டு
எத்தனை வருடம் இருக்கும்?

அப்புறம் எனக்கும் வாய் திறந்தது.
என் தங்கை செங்கமலம்
பத்தாயிரம் ரூபாய்க்கு விடுதலைப் பத்திரம் கொடுத்ததை,
அதை நானே என் அழகான கையெழுத்தில் எழுதியதை,
"யாருடைய தூண்டுதலும் இல்லாமல்
நல்ல நினைவோடும் முழுமனதோடும்"
என்ற வரி வந்தபோது
அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்ததை.

எத்திராஜ் தப்பு என்று சொல்லவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
அவித்த முட்டையைப் பிளந்து
மஞ்சள் அதிகம் ஒட்டிய பாதியை
என் பக்கம் தள்ளினான்.

இதற்காகத்தான் போகிறேன்.
என் மனைவியைக் கேட்டால்
வேறு பத்திரம் எழுதுவாள். அதிலும் பொய் இருக்காது.
பக்கெட்டோடு அவள் விழித்திருந்த இரவுகள்
தேதிவாரியாக இருக்கும்.

பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியது.
எத்திராஜ் பல்லாவரம் போக ரயில் ஏறினான்.
நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை.
கட்டிங்கில் அது வழக்கமில்லை.
பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து
செங்கமலத்தைக் கூப்பிட்டேன்.
ஒரு ரிங். இரண்டு.
மூன்றாவதற்குள் நாலு பக்கமும் கல் நட்டாகிவிட்டது.
துண்டித்தேன்.

அவளே கூப்பிட்டாள்.
"என்னண்ணா, இந்நேரத்துல?"
"கை பட்டிருச்சும்மா. தூங்கு."

நல்ல நினைவோடுதான் சொன்னேன்.